டிராக்டர் கக்கும் கரும்புகை: பம்ப்பைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

மாம்பழப் பருவத்தில் சித்தூர், திருப்பதி வட்டாரத்து மாங்கூழ் ஆலைகளின் முன்னே தோத்தாபுரிக் காய் ஏற்றிய டிராக்டர்கள் வரிசைகட்டி நிற்கும். புதிய வண்டிகளும் அவற்றில் இருக்கும். இருபது, முப்பது ஆண்டு உழைத்த வண்டிகளும் இருக்கும். வரிசை நகரும்போது சில வண்டிகளின் சைலன்சரிலிருந்து அடர்ந்த கரும்புகை எழுந்து பின்னால் நிற்பவரின் முகத்தில் படியும். "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று உரிமையாளரே சமாதானம் சொல்லிக்கொள்வார். வயதை மட்டும் காரணமாகச் சொல்லி விட்டுவிடக்கூடிய குறை அன்று இது. நன்கு பராமரிக்கப்பட்ட முப்பது ஆண்டு டிராக்டர் புகையின்றி உழைப்பதும், ஐந்து ஆண்டு வண்டி கரி கக்குவதும் நம் கண்முன் நடப்பவையே.

கரும்புகை என்பது முழுமையாக எரியாத டீசல். காசு கொடுத்து வாங்கிய எரிபொருளின் ஒரு பகுதி வேலை செய்யாமல் கரியாக வெளியேறுகிறது. காற்றுக்கும் எரிபொருளுக்கும் இருக்க வேண்டிய விகிதத்தில் எரிபொருள் மிஞ்சிவிட்டது என்பதே அதன் பொருள். பெட்ரோல் வண்டிகளில் இக்குறை தோன்றினால் கார்புரேட்டரைச் சரிசெய்வார்கள். அப்பழக்கத்தால் டிராக்டருக்கும் 'கார்புரேட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்' என்று அறிவுரை கூறுவோர் இன்றும் உண்டு. பெட்ரோலிலும் மண்ணெண்ணெயிலும் ஓடிய டிராக்டர்கள் ஒரு காலத்தில் உலகெங்கும் இருந்தன. இங்கிலாந்தில் 1946 முதல் 1956 வரை உற்பத்தியான ஃபெர்குசன் டிஈ 20 அவற்றுள் புகழ்பெற்றது. அவற்றுக்குக் கார்புரேட்டர் இருந்தது. ஆனால் 1960-இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் மாசே ஃபெர்குசன் வண்டிகளும், 1971 முதல் பிஞ்சோரில் எச்எம்டி தயாரித்த வண்டிகளும், அவற்றின் பின் வந்தவையும் டீசல் வண்டிகள். டீசல் இன்ஜினில் கார்புரேட்டர் கிடையாது. காற்று தனி வழியாகவும் டீசல் தனி வழியாகவும் சிலிண்டருக்குள் சென்று அங்கேதான் சந்திக்கின்றன. ஆகவே குறையையும் இரு வழிகளிலும் தனித்தனியே தேட வேண்டும்.

எந்த வழியில் முதலில் தேடுவது என்பதில்தான் பணம் மிச்சமாவதும் வீணாவதும் தீர்மானமாகிறது. கரும்புகை கண்டவுடன் "பம்ப் போய்விட்டது" என்று சொல்வது பட்டறைகளில் எளிது. பம்ப்பைக் கழற்றி, சோதனை மேசையில் ஏற்றி, உதிரிபாகம் மாற்றிப் பூட்டுவதற்குள் உழவுப் பருவத்தில் சில நாட்களும் கையிலுள்ள காசும் போய்விடும். பிறகும் புகை நிற்காவிட்டால்தான் காற்று வழியைப் பார்க்கத் தோன்றுகிறது. இவ்வரிசையைத் தலைகீழாக்குவதே அறிவுடைமை.

காற்றின் கணக்கு

ஒரு லிட்டர் டீசல் எரிவதற்கு எவ்வளவு காற்று தேவை என்பதைப் பலர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு கிலோ டீசலுக்கு ஏறத்தாழ 14.5 கிலோ காற்று வேண்டும். ஒரு லிட்டர் டீசலின் எடை 830 கிராம் அளவில் இருக்கும். எனவே அதற்கு 12 கிலோ காற்று. கன அளவில் சுமார் 10,000 லிட்டர். மாடியில் வைக்கும் 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டிகள் பத்தை நிரப்பும் காற்று அது. இது ஏட்டுக் கணக்கின் குறைந்த அளவு மட்டுமே. புகையின்றி எரிய வேண்டுமானால் இதைவிட அதிகமாகவே காற்று வேண்டும். மணிக்கு நான்கு லிட்டர் குடிக்கும் வண்டி ஒவ்வொரு மணி நேரமும் நாற்பது தொட்டிக்கும் மேற்பட்ட காற்றை ஒரே ஒரு குழாய் வழியாக இழுக்கிறது. அக்குழாயின் வாயில் சிறிது அடைபட்டாலும் டீசல் மிஞ்சிக் கரியாகும்.

இயற்கையும் இக்கணக்கில் கைவைக்கும். சித்தூரிலிருந்து மொகிலி மலைப்பாதை ஏறிப் பலமநேர் போனால் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஆறு விழுக்காடு அளவு குறைவு. சித்திரை வெயிலில் சூடேறிய காற்றும் அவ்வாறே மெலிந்தது. டர்போ இல்லாத பழைய இன்ஜின், பாரத்துடன் மலை ஏறும்போது சற்றே புகைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பாதை இறங்கியதும் புகை மறைந்துவிட்டால் கவலை வேண்டாம்.

அடுத்தது பாரம். ஓட்டுநர் உயர்ந்த கியரிலேயே மேடு ஏற்றும்போது இன்ஜினின் சுழற்சி விழுகிறது. உள்ளே இழுக்கும் காற்று குறைகிறது. பம்ப்போ வேகத்தைக் காப்பாற்ற முழு அளவு டீசலைத் தள்ளுகிறது. புகை வராமல் என்ன செய்யும்? ஒரு கியர் குறைத்தால் புகை நின்றுவிடுமானால் வண்டியில் குறையில்லை; ஓட்டும் முறையில்தான் திருத்தம் வேண்டும். முப்பத்தைந்து குதிரைத்திறன் வண்டிக்கு அதன் தகுதிக்கு மேற்பட்ட அகலமுள்ள ரோட்டவேட்டரை மாட்டி, காளஹஸ்திப் பக்கத்துச் சேற்று நெல்வயலில் இறக்கினாலும் இதுவே நிகழும். ஆக்சிலரேட்டரை மிதித்த கணத்தில் ஒரு கீற்றுக் கரும்புகை எழுந்து மறைவதும் பழைய வண்டிகளில் இயல்பே. சம நிலத்தில், மிதமான பாரத்தில், இன்ஜின் நன்கு சூடான பின்னும் தொடர்ந்து கறுத்தால்தான் அதைக் குறை எனக் கொள்ள வேண்டும்.

ஏர் கிளீனர் என்னும் முதல் சந்தேகம்

பழைய டிராக்டர்களில் பெரும்பாலும் இருப்பது எண்ணெய்க் குளியல் ஏர் கிளீனர். பட்டறை வழக்கில் 'ஆயில் பாத்'. மேலே தொப்பி போன்ற முன்வடிகட்டி. அதன் வழியே வரும் காற்று நடுக்குழாயில் இறங்கி அடிக்கிண்ணத்தில் உள்ள எண்ணெயின் மீது மோதித் திரும்புகிறது. திரும்பும் வேகத்தில் கனமான தூசி எண்ணெயில் விழுந்துவிடும். தப்பிய நுண்தூசியை மேலே உள்ள கம்பிவலை பிடித்துக்கொள்ளும். காகித வடிகட்டி போல் அடிக்கடி விலைகொடுத்து மாற்ற வேண்டியதில்லை என்பது இதன் பெருமை. கவனிப்பாரின்றி ஆண்டுக்கணக்கில் கிடப்பதற்கும் அதுவே காரணமாகிவிட்டது.

மாவட்டத்தின் மானாவாரி நிலக்கடலைக் காடுகள் பெரிதும் செம்மண் நிலம். காய்ந்த செம்மண்ணில் உழும்போது வண்டி தானே கிளப்பிய புழுதிக்குள்ளேயேதான் நகர்கிறது. அத்தகைய நாட்களில் கிண்ணத்தை நாள்தோறும் இறக்கிப் பார்ப்பதே முறை. பார்க்கும்போது ஒரு நுட்பத்தை மறத்தல் கூடாது. எண்ணெய் மட்டம் குறியீட்டுக் கோட்டில் சரியாக நிற்கும். பார்த்தவர் திருப்தியோடு மூடிவிடுவார். விரலை அடிவரை விட்டால் பாதிக் கிண்ணம் சேறாக இருக்கும். உள்ளே சேர்ந்த மண்ணே எண்ணெயை மேலே தூக்கி மட்டத்தைச் சரியாகக் காட்டியிருக்கிறது. அடியில் விரல்கணு உயரத்துக்குச் சேறு படிந்திருந்தாலோ, எண்ணெய் கூழாகித் தடித்திருந்தாலோ கொட்டிவிட்டு, கிண்ணத்தைக் கழுவித் துடைத்து, கையேடு சொல்லும் தரத்தில் புதிய எண்ணெய் ஊற்ற வேண்டும். இன்ஜினிலிருந்து இறக்கிய கறுப்பு எண்ணெயை இதற்குப் பயன்படுத்தும் சிக்கனம் பல ஊர்களில் உண்டு. அது சிக்கனம் அன்று; ஏற்கெனவே கரியும் உலோகத்துகளும் சுமந்த எண்ணெய் அது.

கோட்டுக்குமேல் ஊற்றுவதும் ஆபத்து. மிகுந்த எண்ணெயைக் காற்று இழுத்துக்கொண்டு இன்ஜினுக்குள் போகும். அப்போது இன்ஜின் அந்த எண்ணெயையே எரித்துக்கொண்டு கட்டுப்பாடின்றி ஓடத் தொடங்கவும் கூடும். குறைவாக ஊற்றினால் தூசி நேரே சிலிண்டருக்குப் போகும். பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்து வண்டி விரைவில் மூப்படையும்.

கம்பிவலையைக் கழற்ற முடிந்தால் டீசலில் அலசி, நன்றாக வடியவிட்டுப் பூட்டலாம். பெட்ரோலில் கழுவுதல் கூடாது. தீ விபத்துக்கு அதுவே வழி. முன்வடிகட்டியின் சல்லடையில் கடலைச் சருகோ பாலித்தீன் துண்டோ ஒட்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திய வண்டியானால் குளவி கூடு கட்டியிருக்கலாம். காகித வடிகட்டி உள்ள பிற்கால வண்டிகளில் அதை உள்ளிருந்து வெளிப்புறமாக மெல்லிய காற்றழுத்தத்தால் ஊதுவது வழக்கம். தரையில் ஓங்கித் தட்டினால் மடிப்புகள் கிழிந்து, வடிகட்டி இருந்தும் இல்லாததாகிவிடும்.

ஏர் கிளீனரையும் இன்ஜினையும் இணைக்கும் ரப்பர் குழாய் அடுத்த சந்தேகம். வெளியே பார்க்க நன்றாக இருக்கும். உள்ளடுக்கு மட்டும் பிரிந்து, இன்ஜின் வேகமாக இழுக்கும்போது உள்ளே மடிந்து வழியை அடைக்கும். நிறுத்தினால் மீண்டும் விரிந்துகொள்ளும். நின்ற வண்டியில் இக்குறை தெரியாது. கழற்றி உட்புறத்தைத் தடவிப் பார்ப்பதே வழி. குழாயில் வெடிப்பு உண்டா என்றறிய ஒரு பழைய சோதனை உண்டு: இன்ஜின் மெதுவாக ஓடும்போது காற்று நுழையும் வாயைத் தட்டையான பலகையால் மூடினால் சில நொடிகளில் இன்ஜின் அணைய வேண்டும். அணையாமல் ஓடினால் வடிகட்டப்படாத காற்று எங்கிருந்தோ உள்ளே போகிறது. பலகைக்குப் பதில் உள்ளங்கையை வைக்க வேண்டாம்.

இவ்வளவுக்கும் ஆகும் செலவு சிறிது எண்ணெயும், மிஞ்சினால் ஒரு ரப்பர் குழாயும். எவ்விதப் பெரிய கருவியும் வேண்டாம். கூடவே வால்வு இடைவெளியையும் ஃபீலர் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லலாம். இடைவெளி மிகுந்தால் வால்வு முழுதாகத் திறக்காமல் காற்று குறையும்.

எரிபொருள் வழி

காற்று வழி சுத்தமான பின்னும் புகை கறுத்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது இன்ஜெக்டர். டீசலை மிக நுண்ணிய மூடுபனியாக்கித் தெளிப்பது அதன் வேலை. நாசில் திறக்கும் அழுத்தம் பல டிராக்டர் இன்ஜின்களில் 200 பார் அளவை ஒட்டியது. கார் டயரில் உள்ளதைப் போல் சுமார் நூறு மடங்கு. நாசிலின் முனை தேய்ந்தாலோ கரி பிடித்தாலோ மூடுபனி போய்த் துளியாகச் சொட்டும். துளி முழுதாக எரியாது. ஆலை வாசலில் மணிக்கணக்கில் இன்ஜினை அணைக்காமல் மெதுவோட்டத்தில் நிறுத்தி வைக்கும் வழக்கமும் நாசிலில் கரி சேர ஒரு காரணம். மெதுவோட்டத்தில் சிலிண்டர் போதிய சூடு பெறுவதில்லை. வரிசை நகரக் காத்திருக்கும் நேரத்தில் அணைத்துவைப்பது நல்லது. அணைத்தால் மீண்டும் கிளம்பாது என்ற அச்சம் காரணமானால் முதலில் பேட்டரியைக் கவனிக்க வேண்டும்.

எந்த இன்ஜெக்டர் பழுது என்று கண்டறிய மெக்கானிக்குகள் ஒவ்வொரு குழாயின் நட்டையும் மெதுவோட்டத்தில் ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்த்திப் பார்ப்பார்கள். நல்ல சிலிண்டரின் குழாயைத் தளர்த்தினால் இன்ஜின் தடுமாறும். தடுமாறாமல், புகை மட்டும் குறைந்தால் பழுது அங்கேதான். இச்சோதனையைப் பழகியவரே செய்ய வேண்டும். அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே செல்ல வல்லது. வெளியே ஊசி குத்தியதுபோல் சிறு புள்ளியே தெரியும் என்றாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய காயம் அது. இன்ஜெக்டரைத் திரும்பப் பூட்டும்போது பழைய செம்பு வாஷரின் மேல் புதியதையும் சேர்த்து இரண்டாக வைப்பது ஒரு பொதுவான தவறு. நாசில் முனை உரிய இடத்திலிருந்து மேலேறி, தெளிப்பு இடம் மாறிவிடும். ஒன்றே போதும், அது புதியதாக இருக்கட்டும்.

பம்ப்புக்கு இப்போதுதான் வருகிறோம். பெங்களூரில் 1951-இல் தொடங்கிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம் 2008-இல் பாஷ் லிமிடெட் எனப் பெயர் மாறிய பின்னும், பட்டறைகளில் 'மைக்கோ பம்ப்' என்ற சொல் மாறவில்லை. இத்தகைய பம்ப் ஒவ்வொரு தள்ளலுக்கும் எவ்வளவு டீசல் அனுப்ப வேண்டும் என்பது சோதனை மேசையில் அளந்து வைக்கப்படுவது. அதிகபட்ச அளவைக் கட்டுப்படுத்தும் திருகுக்குக் கம்பி கட்டி ஈய முத்திரையும் இட்டிருப்பார்கள். அம்முத்திரை அறுந்திருந்தால், கரும்புகைக்கான காரணம் பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும்.

"இழுவை போதவில்லை, கொஞ்சம் ஏற்றிவிடுங்கள்" என்று ஓட்டுநர் கேட்பார். யாரோ ஒருவர் அத்திருகை அரைச்சுற்று திருப்பியிருப்பார். கரும்பு லோடு சில நாள் உற்சாகமாக ஏறும். காற்று அதே அளவாக இருக்க டீசல் மட்டும் கூடினால், கூடுதலில் ஒரு சிறு பகுதியே இழுவையாகும். மற்றது புகையும் மிகைச் சூடும். பிஸ்டனும் வால்வும் அச்சூட்டுக்காக வார்க்கப்பட்டவை அல்ல. இழுவை குறைந்ததற்கு உண்மைக் காரணம் அடைபட்ட ஏர் கிளீனராக இருந்திருந்தால், திருகைத் திருப்பியதால் ஒரு குறை இரண்டாகிவிட்டது. பம்ப்பைத் திறக்கவோ அளவை மாற்றவோ சோதனை மேசை உள்ள டீசல் சர்வீஸ் நிலையத்தைத் தவிர வேறிடம் தகாது. பம்ப்பை மீண்டும் பூட்டும்போது டைமிங் குறிகள் பிசகினாலும் புகை வரும் என்பதால், பூட்டியவரிடமே வண்டியைப் பாரத்துடன் ஓட்டிக் காட்டச் சொல்வது முறை.

கரும்புகையை அலட்சியம் செய்தால் என்ன ஆகும்? எரியாத டீசல் சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே சம்ப்பில் இறங்கும். டிப் ஸ்டிக்கில் எண்ணெய் மட்டம் குறைவதே இயல்பு. ஊற்றாமலே ஏறியிருந்தாலோ, எண்ணெய் நீர்த்து டீசல் வாடை அடித்தாலோ வண்டியை அப்படியே நிறுத்திவிட வேண்டும். நீர்த்த எண்ணெயில் பேரிங்குகள் நெடுநாள் தாங்கா. கிராங்கில் கைவைக்கும் நிலை வந்தால் செலவு, ஏர் கிளீனர் எண்ணெயைப் போல் பல நூறு மடங்கு.

புகையின் நிறத்தையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். நீலப்புகை என்றால் எரிவது இன்ஜின் எண்ணெய். ரிங், வால்வு வழிகாட்டி முதலியவற்றின் தேய்மானம். குளிர்ந்த காலையில் சிறிது நேரம் தோன்றும் வெண்புகை எரியாத டீசலின் ஆவி. சூடான பிறகும் நீடித்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துவந்தால் ஹெட் கேஸ்கட்டைப் பார்க்க வேண்டும். எந்த நிறமானாலும் மூடிய கொட்டகைக்குள் இன்ஜினை ஓட்டிச் சோதிக்கலாகாது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் உறுதியாக வகைப்படுத்தியது.

கார்புரேட்டர் இன்றும் உள்ள கருவிகள் நம் வயல்களில் இல்லாமல் இல்லை. பெட்ரோலில் ஓடும் களையெடுக்கும் கருவி, மருந்து தெளிப்பான், புல்வெட்டி ஆகியவை கரும்புகை கக்கினால் முதலில் சோக் மூடியபடியே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிளப்பிய பின் அதைத் திறக்க மறப்பதே பாதிக் காரணம். அடுத்து ஸ்பாஞ்ச் வடிகட்டியைச் சோப்பு நீரில் கழுவிக் காயவைக்க வேண்டும். பிறகும் பெட்ரோல் வழிந்தால், கார்புரேட்டருக்குள் மிதவையோடு அசையும் ஊசி வால்வில் அழுக்குச் சிக்கியிருக்கும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அதன் முனையில் உலர்ந்த கரி படிந்திருப்பதே எரிபொருள் மிகுதிக்குச் சாட்சி.

செலவும் கடனும்

கணக்குக்காக ஒன்று கொள்வோம். ஆண்டுக்கு 600 மணி நேரம் ஓடி, மணிக்கு 4 லிட்டர் குடிக்கும் வண்டிக்கு 2,400 லிட்டர் டீசல் செல்லும். அதில் இருபதில் ஒரு பங்கு வீணானால் 120 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்றால் ஆண்டுக்கு 12,000 ரூபாய் புகையாகிறது. இன்ஜெக்டர்களைச் சோதித்துச் சீராக்கும் செலவை இத்தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்மானிக்கலாம்.

பருவத்தின் நடுவே பழுது வரும்போது பலர் நூற்றுக்கு இரண்டு ரூபாய், மூன்று ரூபாய் மாதவட்டிக்குக் கைமாற்று வாங்குகிறார்கள். இரண்டு ரூபாய் வட்டி என்பது ஆண்டுக்கு 24 விழுக்காடு. இவர்களில் பலரிடம் கிசான் கடன் அட்டை இருக்கிறது. அதில் பண்ணைக் கருவிகளின் பழுதுபார்ப்புக்கென ஒரு பகுதி உள்ளது என்பதுதான் தெரிவதில்லை. 1998-இல் தொடங்கப்பட்ட இத்திட்டத்தின் 2012 ஆண்டுத் திருத்தத்தின்படி, பயிருக்கும் பரப்புக்கும் ஏற்பக் கணக்கிடும் அடிப்படைத் தொகையோடு, அறுவடைக்குப் பிந்தைய செலவுக்கும் வீட்டுத் தேவைக்கும் 10 விழுக்காடும், பண்ணைச் சொத்துகளின் பழுதுபார்ப்புக்கும் பராமரிப்புக்கும் 20 விழுக்காடும் சேர்த்தே வரம்பு நிர்ணயிக்கப்படுகிறது. அடிப்படைத் தொகை ஒரு லட்சம் ரூபாயானால் 20,000 ரூபாய் இவ்வகையில் அடங்கும். இன்ஜெக்டர், ஏர் கிளீனர் வேலைகளுக்கு இது பெரும்பாலும் போதும். முழு இன்ஜினையும் பிரித்துக் கட்ட வேண்டுமானால் தனியாகத் தவணைக் கடன் கேட்பதே பொருத்தம். அதற்குச் சர்வீஸ் நிலையத்தின் மதிப்பீட்டுத் தாளோடு கிளைக்கு வர வேண்டும்.

பழைய டிராக்டர் வாங்கவிருப்போர் பதிவுச் சான்று, காப்பீடு, முந்தைய கடன் தீர்ந்ததற்கான சான்று ஆகியவற்றோடு மேலே சொன்னவற்றையும் பார்த்துவிட வேண்டும். வண்டியைக் குளிர்ந்த நிலையில் கிளப்பச் சொல்லுங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால் வேறொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லுங்கள். ஏர் கிளீனர் கிண்ணத்தை இறக்கி விரலை விட்டுப் பாருங்கள்; பம்ப்பின் முத்திரை இருக்கிறதா என்று நோக்குங்கள்; டிப் ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். எச்எம்டி போலத் தயாரிப்பு நின்றுபோன வண்டியானால், அதன் நாசிலும் பம்ப் உதிரிபாகங்களும் சித்தூரிலோ திருப்பதியிலோ கிடைக்கின்றனவா என்று கடையில் விசாரித்த பிறகே முன்பணம் கொடுங்கள்.